என்எச்எல் டிராஃப்ட்: இளம் வீரர்களை எடைபோடத் தொடங்கும் ரசிகருக்கு

டிராஃப்ட் என்பது வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த டிராஃப்ட்டில் முதல் வாய்ப்பு நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு. அந்தப் பருவத்தில் 65 ஆட்டங்களில் 134 புள்ளி குவித்திருந்த மைக்கேல் மீசா பட்டியலில் இருந்தார். ஐலண்டர்ஸ் அவரை எடுக்கவில்லை. காறை எலும்பு முறிந்து 17 ஆட்டங்களோடு பருவத்தை முடித்துக்கொண்ட, வெறும் 22 புள்ளி பெற்ற மேத்யூ ஷேஃபரை எடுத்தார்கள். விவரம் தெரிந்த யாரும் இதற்கு ஆச்சரியப்படவில்லை. ஏன் என்று புரிந்துகொண்டால் டிராஃப்ட்டில் பாதி புரிந்த மாதிரி.

கோல் போட்டவருக்கு ஒரு புள்ளி, அந்தக் கோலுக்குக் கடைசியாகப் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை)க் கொடுத்த இருவருக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி. புதிய ரசிகர்கள் இந்தப் புள்ளிக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள், பலர் அங்கேயே நின்றும் விடுகிறார்கள். வீரரின் வயது, அவர் ஆடும் லீக், அணியில் அவருக்குக் கிடைக்கும் வேலை, இந்த மூன்றையும் பார்த்த பிறகே புள்ளியைப் பார்க்க வேண்டும்.

படி 1: பிறந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

டிராஃப்ட் நடக்கும் ஆண்டில் செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைபவர்கள் அந்த ஆண்டு தகுதி பெறுகிறார்கள். ஒரு நாள் தாண்டினாலும் அடுத்த ஆண்டுதான். ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாள் வித்தியாசத்தில் 2015 டிராஃப்ட்டைத் தவறவிட்டு, 2016-இல் முதல் ஆளாக டொராண்டோவுக்குப் போனார்.

இதனால் ஒரே டிராஃப்ட்டில் நிற்கும் இருவருக்கிடையே ஏறத்தாழ ஒரு வயது வித்தியாசம்கூட இருக்கலாம். ஷேஃபர் பிறந்தது 2007 செப்டம்பர் 5, அதாவது கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பு. அதே டிராஃப்ட்டில் ஏழாவதாகப் பாஸ்டன் எடுத்த ஜேம்ஸ் ஹேகன்ஸ் 2006 நவம்பரில் பிறந்தவர், பத்து மாதம் மூத்தவர். பதினேழு வயதில் பத்து மாதம் என்பது பெரிய இடைவெளி. உயரம், கால் வலு, ஆட்டத்தைப் படிக்கும் வேகம் எல்லாமே அந்த மாதங்களில் மாறும். ஒருவர் பெயரை எழுதும்போதே பக்கத்தில் பிறந்த தேதியையும் எழுதிவிடுங்கள். எலீட் பிராஸ்பெக்ட்ஸ் தளத்தில் எந்த லீக் வீரருக்கும் இது கிடைக்கும். 19 வயதில் இரண்டாம் முறையாகத் தகுதி பெற்று நிற்பவர் திடீரென 100 புள்ளி எடுத்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அவர் தன்னைவிட இரண்டு வயது சிறியவர்களை எதிர்த்து ஆடுகிறார்.

மற்ற விதிகள் சுருக்கமாக: 32 அணிகள், 7 சுற்று, மொத்தம் 224 தேர்வுகள். பிளேஆஃப் என்ற இறுதிக் கட்டத்துக்குப் போகாத 16 அணிகளுக்குக் குலுக்கல் உண்டு. இரண்டு முறை குலுக்குவார்கள், ஜெயித்த அணி பத்து இடம் வரைதான் மேலே ஏறலாம். ஆகவே கடைசி 11 அணிகளுக்கு மட்டுமே முதல் இடத்துக்கு வழி. கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம். அதன் கெட்ட காலத்திலும் மூன்றாவது இடத்துக்குக் கீழே இறங்காது. 2025-இல் ஐலண்டர்ஸ் கீழிருந்து பத்தாவது இடத்திலிருந்து ஏறி வந்த அணி. 'கடைசியாக வந்தால் நட்சத்திரம் நிச்சயம்' என்று யாராவது சொன்னால் அந்த 25.5-ஐ நினைவுபடுத்துங்கள்.

படி 2: உங்கள் அணியை ஒரு தாளில் வரையுங்கள்

இளம் வீரர்களைப் பற்றிப் பேசுமுன் அணியில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஆட்ட நாளில் களமிறங்குவது 20 பேர்: மூன்று மூன்று பேராக நான்கு வரிசையில் 12 முன்கள வீரர்கள், மூன்று ஜோடியாக 6 டிஃபென்ஸ்மேன் (தற்காப்பு வீரர்), 2 கோலி (கோல் காப்பாளர்). ஒரு விரிதாளைத் திறந்து இந்த 20 கட்டங்களையும் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நான்கு விவரம்: வயது, எந்தக் கைப்பக்கம் மட்டையைப் பிடிக்கிறார், ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, அணிக்கு எப்படி வந்தார். ஒப்பந்த விவரத்துக்கு முன்பு கேப்ஃப்ரெண்ட்லி என்ற தளம் இருந்தது. 2024-இல் வாஷிங்டன் அணி அதை வாங்கி மூடிவிட்டதால் இப்போது பக்பீடியாவைப் பாருங்கள்.

மாண்ட்ரியால் கனேடியன்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். கேப்டன் நிக் சுசூகியை 2017-இல் 13-ஆவதாகத் தேர்ந்தெடுத்தது வேகஸ். 2018-இல் மேக்ஸ் பேச்சியோரெட்டியை வேகஸுக்குக் கொடுத்த பேரத்தில் அவர் மாண்ட்ரியாலுக்கு வந்தார். கோல் காஃபீல்டு 2019-இல் 15-ஆவது தேர்வு. யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி 2022-இல் முதல் தேர்வு. லேன் ஹட்சன் அதே ஆண்டில் 62-ஆவது. இவான் டெமிடோவ் 2024-இல் ஐந்தாவது. நோவா டாப்சன் 2025 டிராஃப்ட் நாளில் ஐலண்டர்ஸிடமிருந்து வாங்கப்பட்டவர். விலை, அந்த ஆண்டின் 16-ஆவது, 17-ஆவது தேர்வு வாய்ப்புகளும் ('பிக்' என்பார்கள்) எமில் ஹைனமன் என்ற முன்கள வீரரும்.

இந்தப் பட்டியலை எழுதிப் பார்த்தாலே சில விஷயங்கள் தெரியும். ஹட்சன், மைக் மேத்சன், கெய்டன் கூலி மூவரும் இடக்கைப் பக்கம் ஆடும் டிஃபென்ஸ்மேன்கள். டாப்சன் வலக்கைப் பக்கம். 2023-இல் ஐந்தாவதாக எடுத்த டேவிட் ரைன்பாக்கரும் வலக்கைப் பக்கம். வலக்கை டிஃபென்ஸ்மேன்கள் லீக் முழுக்கவே குறைவு, அதனால் விலை அதிகம். இரண்டு முதல் சுற்றுப் பிக்குகளை ஒரே நாளில் கொடுத்ததன் காரணம் இங்கே இருக்கிறது. தாளில் கட்டம் போடாமல் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஊதாரித்தனமாகத் தெரிந்திருக்கும்.

ஒப்பந்த ஆண்டுகளையும் கவனியுங்கள். ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு 2025-26-இல் 9.55 கோடி டாலர். 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திடும் வீரருக்கு முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு, சம்பளம் வரம்புக்கு உட்பட்டது. நன்றாக ஆடும் ஒருவர் இந்த மூன்று ஆண்டில் இருப்பதுதான் அணிக்குக் கிடைக்கும் மலிவான காலம். அது முடிந்ததும் தொடங்கும்படி ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு ஆண்டுக்கு 76 லட்சம் டாலர் என எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். உங்கள் தாளில் இரண்டு ஆண்டு கழித்து எந்தக் கட்டம் காலியாகும், எது விலை ஏறும் என்று பென்சிலால் குறித்து வையுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. முதல் சுற்றில் 'நமக்குச் சென்டர் (நடு முன்கள வீரர்) இல்லை, சென்டர் எடு' என்று தேவையை வைத்துத் தேர்வு செய்வது பெரும்பாலும் தவறான யோசனை. எடுக்கும் பையன் அணிக்கு வர மூன்று, நான்கு ஆண்டு ஆகும், அதற்குள் தேவை மாறிவிடும். தாள் எதற்கு என்றால், ஏறக்குறைய சமமான இருவரில் ஒருவரைப் பிரித்தெடுக்கவும், பேரங்களைப் புரிந்துகொள்ளவும்தான்.

படி 3: லீக்கை வைத்துப் புள்ளியைத் திருத்துங்கள்

கனடாவின் ஜூனியர் லீக்குகள் மூன்று: ஓஎச்எல், டபிள்யூஎச்எல், கியூஎம்ஜேஎச்எல். 16 முதல் 20 வயது வரை ஆடுவார்கள். அமெரிக்காவில் யுஎஸ்எச்எல்லும் மிச்சிகனில் இயங்கும் தேசிய வளர்ச்சி அணியும் உண்டு. அதற்கு மேலே என்சிஏஏ என்ற கல்லூரி ஹாக்கி, அங்கே எதிராளிக்கு 22, 23 வயதுகூட இருக்கும். ஐரோப்பாவில் ஸ்வீடனின் எஸ்எச்எல், ஃபின்லாந்தின் லீகா, ரஷ்யாவின் கேஎச்எல் ஆகியவை குடும்பஸ்தர்கள் சம்பளத்துக்கு ஆடும் லீக்குகள். அங்கே 17 வயதுப் பையன் களமிறங்குவதே செய்தி.

இப்போது எண்களைப் பாருங்கள். 2023 டிராஃப்ட்டில் முதல் இடம் பெற்ற கானர் பெடார்ட் டபிள்யூஎச்எல்லில் 57 ஆட்டத்தில் 143 புள்ளி. இரண்டாவதாகப் போன லியோ கார்ல்சன் எஸ்எச்எல்லில் 44 ஆட்டத்தில் 25 புள்ளி. வெறும் எண்ணைப் பார்த்தால் கார்ல்சன் ஏதோ சாதாரண ஆள். ஆனால் வயது வந்தவர்களின் லீக்கில் அந்த வயதில் 25 என்பது அபூர்வம். 2022-இல் ஸ்லாஃப்கோவ்ஸ்கி லீகாவில் 31 ஆட்டத்தில் 10 புள்ளிதான். அதே குளிர்காலத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 7 ஆட்டத்தில் 7 கோல் போட்டு, தொடரின் சிறந்த வீரர் விருது வாங்கினார். ஓஎச்எல்லில் 63 ஆட்டத்தில் 94 புள்ளி எடுத்த ஷேன் ரைட் நான்காவதாகப் போனார்.

லீக்குகளை ஒரே அளவுகோலில் வைக்க 'என்எச்எல் சமமதிப்பு' என்ற கணக்கு உண்டு. ஒவ்வொரு லீக்குக்கும் ஒரு பெருக்கெண், புள்ளியை அதனால் பெருக்கினால் என்எச்எல்லில் எவ்வளவு வரும் என்ற ஊகம் கிடைக்கும். கேஎச்எல், எஸ்எச்எல் பெருக்கெண்கள் பெரியவை, ஜூனியர் லீக்குகளுடையவை சிறியவை. கணக்கிடும் ஆளுக்கு ஆள் பெருக்கெண் மாறும், ஆகவே இரண்டு பேரின் கணக்கைக் கலக்காதீர்கள்.

இந்தக் கணக்கு சறுக்கும் இடங்கள் எனக்குத் தெரிந்து நான்கு. முதலாவது, ஆடிய நேரம்: எஸ்எச்எல்லில் நான்காம் வரிசையில் எட்டு நிமிடம் ஆடுபவரையும் ஜூனியரில் 22 நிமிடம் ஆடுபவரையும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒப்பிட முடியாது. களத்தில் இருந்த நேரத்தைத் தேடி, 60 நிமிடத்துக்கு எவ்வளவு என்று மாற்றுங்கள். இரண்டாவது, பவர்பிளே: எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது வரும் புள்ளி பாதிக்கு மேல் என்றால், ஐவருக்கு ஐவர் ஆட்டத்தில் அவர் என்ன செய்கிறார் என்ற கேள்வி பாக்கி. மூன்றாவது, இரண்டாம் அசிஸ்ட் (அசிஸ்ட் என்பது கோலுக்கு உதவிய பாஸ்): ஸ்கோர் தாளில் முதலில் வரும் பெயர்தான் கோலுக்கு நேரடியாகக் கொடுத்தவர். இரண்டாவது பெயராகவே அடிக்கடி வருபவரின் புள்ளிகளில் அதிர்ஷ்டம் கலந்திருக்கும். நான்காவது, கூட்டாளி. ஒரே வரிசையில் இன்னொரு நட்சத்திரம் இருந்தால், அவர் காயத்தில் இருந்த வாரங்களில் இவர் எப்படி ஆடினார் என்று பாருங்கள்.

படி 4: ஒரே ஆளைப் பாருங்கள்

இதுதான் அதிக நேரம் எடுக்கும் படி, பலர் தாண்டிப் போகும் படியும் இதுவே. சிறப்புக் காட்சித் துண்டுகளை வைத்து யாரையும் மதிப்பிடாதீர்கள். அதில் பக் வலைக்குள் போன தருணங்கள் மட்டும் இருக்கும். அதே ஆட்டத்தில் அவர் ஒன்பது முறை பக்கை இழந்தது இருக்காது.

முழு ஆட்டம் ஒன்றை எடுங்கள். பக்கைப் பார்க்காமல், தேர்ந்தெடுத்த ஒருவரின் எண்ணை மட்டும் பாருங்கள். ஷிப்ட் என்பது ஒரு முறை களமிறங்கி வெளியேறும் வரையிலான நேரம், ஏறத்தாழ 45 விநாடி, முக்கிய வீரர் ஆட்டத்தில் 20-க்கு மேல் ஷிப்ட் இறங்குவார். ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் நிறுத்தி, நேரத்தோடு ஒரு வரி எழுதுங்கள். இப்படிப் பார்க்க ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். குறைந்தது மூன்று ஆட்டம் வேண்டும்: ஒன்று பலமான அணிக்கு எதிராக வெளியூரில், ஒன்று பருவத்தின் பின்பாதியில், ஒன்று அவர் புள்ளியே எடுக்காத ஆட்டம். மூன்றாவதுதான் அதிகம் சொல்லும்.

முன்கள வீரரிடம் கவனிக்க வேண்டியவை: எதிரணி எல்லையின் நீலக்கோட்டைத் தாண்டும்போது பக்கைத் தானே கொண்டுபோகிறாரா, கொடுத்துவிட்டு ஓடுகிறாரா, சும்மா உள்ளே தள்ளிவிட்டு மாற்றுக்குப் போகிறாரா? இதை மூன்று நிரலாகப் போட்டு எண்ணுங்கள். பக்கை இழந்த அடுத்த மூன்று விநாடியில் கால் அசைகிறதா? ஷாட் எங்கிருந்து வருகிறது, கோலுக்கு எதிரே உள்ள நடுப்பகுதியிலிருந்தா, ஓரத்திலிருந்தா? சுவரோரம் உடம்பு மோதும்போது பக்கைக் காப்பாற்றி வெளியே வருகிறாரா? சீக்கிரம் வளர்ந்துவிட்ட பெரிய உடம்புக்காரப் பையன்கள் ஜூனியரில் எல்லோரையும் இடித்துத் தள்ளிக் கோல் போடுவார்கள். என்எச்எல்லில் எல்லோரும் அதே அளவு. இடிக்காமல் ஜெயிக்க அவரிடம் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

டிஃபென்ஸ்மேனிடம் வேறு கணக்கு. எதிரணி பக்கை மூலைக்குத் தள்ளுகிறது. எடுக்க ஓடும் வழியில் அவர் தோளுக்கு மேல் திரும்பி, பின்னால் வருபவர் எவ்வளவு தூரத்தில் என்று பார்க்கிறாரா? எடுத்த பிறகு நான்கில் ஒன்று நடக்கும்: சுத்தமான பாஸ், தானே கொண்டுபோவது, கண்ணாடியில் அடித்து வெளியே அனுப்புவது, எதிரணிக்கு இழப்பது. நான்கையும் எண்ணுங்கள். அடுத்தது, எதிராளி பக்கோடு வரும்போது இவர் எவ்வளவு இடைவெளி விடுகிறார்? நீலக்கோட்டிலேயே மட்டை எட்டும் தூரத்தில் நிற்பவர் ஆட்டத்தை அங்கேயே நிறுத்துகிறார். பின்வாங்கிக்கொண்டே போகிறவர் எதிராளியைத் தன் கோலி வரை அழைத்து வருகிறார். ஷேஃபர் முதல் இடத்துக்கு வந்தது இந்தக் கணக்குகளால்தான். ஓடிக்கொண்டே பக்கை எடுத்து, நிற்காமல் எதிர்ப்பக்கம் கொண்டுபோவதை 17 ஆட்டத்திலேயே ஸ்கவுட்கள் (அணிகளுக்காக இளம் வீரர்களைப் பார்த்து மதிப்பிடுபவர்கள்) பார்த்துவிட்டார்கள்.

ஸ்கேட்டிங்கைப் பற்றி எழுதும்போது 'வேகம்' என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். முதல் மூன்று எட்டில் எடுக்கும் வேகம் வேறு, நேர்க்கோட்டு உச்ச வேகம் வேறு, பக்கோடு ஓடும்போது குறையாமல் இருப்பது வேறு. பதினேழு வயதில் முதலாவது பலவீனமாக இருந்தால் கால் வலுவும் பயிற்சியும் ஓரளவு சரிசெய்யும். பிரேடன் பாயின்ட் 2014-இல் 79-ஆவது இடம் வரை சரிந்ததற்கு உயரமும் ஸ்கேட்டிங்கும் காரணம் என்றார்கள். டாம்பா பே அணி அவரோடு இரண்டு ஸ்டான்லி கோப்பை (என்எச்எல் பட்டம்) ஜெயித்தது. ஆட்டத்தைப் படிக்கும் அறிவு அவ்வளவு எளிதில் வளராது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் இரண்டாவதை எடுங்கள்.

அரங்கின் அளவையும் கணக்கில் வையுங்கள். என்எச்எல் பனித்தளம் 85 அடி, அதாவது 26 மீட்டர் அகலம். ஐரோப்பாவில் 30 மீட்டர் வரை உண்டு. அந்தக் கூடுதல் இடத்தில் ஓரத்தில் நின்று யோசித்துப் பாஸ் கொடுக்கும் விங்கர், குறுகிய தளத்தில் யோசித்து முடிக்குமுன் சுவரோடு ஒட்டப்படுவார்.

படி 5: பிறர் பட்டியலைப் படிக்கும் முறை

என்எச்எல்லின் சென்ட்ரல் ஸ்கவுட்டிங் ஜனவரியிலும் ஏப்ரலிலும் பட்டியல் வெளியிடுகிறது. அது ஒரு பட்டியல் அல்ல, நான்கு: வட அமெரிக்க வீரர், சர்வதேச வீரர், இரண்டுக்கும் தனித்தனியாகக் கோலிகள். 'சர்வதேசப் பட்டியலில் 12' என்பவர் ஒட்டுமொத்தத்தில் முதல் சுற்றுக்கு வெளியேகூட இருக்கலாம். புதியவர்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான்.

தனி ஆய்வாளர்கள் வெளியிடுவது தங்கள் சொந்த மதிப்பீடு. கனடாவின் டிஎஸ்என் விளையாட்டுத் தொலைக்காட்சியில் பாப் மெக்கன்சி வெளியிட்டு வந்த பட்டியலோ அணி ஸ்கவுட்களிடம் கேட்டுத் தொகுத்தது. முன்னது 'யார் நல்லவர்' என்ற கேள்விக்கு, பின்னது 'அணிகள் யாரை மதிக்கின்றன' என்ற கேள்விக்கு. டிராஃப்ட் நாளில் யார் எங்கே போவார் என்று ஊகிக்க இரண்டாவது வகையை நம்புங்கள். முதல் வகையில் அணிகள் கவனிக்காத பெயர்கள் கிடைக்கும்.

ஜூன் தொடக்கத்தில் பஃபலோவில் உடற்தகுதி முகாம் நடக்கும். சைக்கிள் சோதனை, தாவல், புல்-அப், அணிகளின் நேர்காணல் எல்லாம் உண்டு, பனியில் ஸ்கேட்டிங் மட்டும் கிடையாது. 2014 முகாமில் சாம் பென்னட்டால் ஒரு புல்-அப்கூட எடுக்க முடியவில்லை. சமூக ஊடகம் சிரித்தது, கால்கரி அவரை நான்காவதாக எடுத்தது. 2025-இல் ஃப்ளோரிடா அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பிளேஆஃபின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். முகாம் எண்களைப் பார்க்காமலே விட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

ரஷ்ய வீரர்களின் இடத்தில் திறமையோடு வேறு கணக்கும் கலந்திருக்கும். மத்வே மிச்கோவ் 2023-இல் ஏழாவது வரை சரிந்தது கேஎச்எல் ஒப்பந்தம் 2026 வரை இருந்ததாலும், நேரில் போய்ப் பார்ப்பது சிரமமாக இருந்ததாலும்தான். ஃபிலடெல்ஃபியா காத்திருக்கத் தயாரானது. அவர் 2024-லேயே வந்து முதல் பருவத்தில் 63 புள்ளி எடுத்தார்.

படி 6: உங்கள் பட்டியலை எழுதுங்கள்

1 முதல் 100 வரை வேண்டாம். முதல் ஆண்டில் 20 பேர் போதும், அதிலும் ஒழுங்காகப் பார்த்தவர்கள் மட்டும். எண் போடுவதைவிட அடுக்காகப் பிரிப்பது நல்லது: முதல் வரிசைக்கு வரக்கூடியவர், நிச்சயம் என்எச்எல் ஆடுவார் ஆனால் நடுவரிசை, ஏதோ ஒன்று சரியானால் மேலே போவார். 9-ஆவதா 11-ஆவதா என்ற சண்டையில் பயனில்லை, அடுக்கு மாறும் இடம்தான் முக்கியம். அணிகள் பிக்கை விற்று வாங்கும் இடமும் அதுவே.

ஒவ்வொரு பெயருக்கும் மூன்று வரி: அவர் திரும்பத் திரும்பச் செய்வது என்ன, யாருக்கு எதிராகச் செய்கிறார், என்எச்எல்லுக்கு வர எது மாற வேண்டும். 'சோம்பேறி', 'போராளி' போன்ற சொற்களை எழுதவே எழுதாதீர்கள். 'தன் எல்லையில் பக் எதிர்ப்பக்கம் போகும்போது நின்றுவிடுகிறார், மூன்று ஆட்டத்தில் ஏழு முறை' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்துச் சரிபார்க்கலாம். சோம்பேறியை எப்படிச் சரிபார்ப்பது? தேதி போடுங்கள், பிறகு திருத்தாதீர்கள். கருத்து மாறினால் கீழே புதிய தேதியோடு எழுதுங்கள். இவர்கள் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள், நீங்கள் பொதுவெளியில் எழுதுவதை அவர்களும் பெற்றோரும் படிக்கிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கோலிகளை முதல் ஆண்டு தொடாதீர்கள். 2000-இல் முதல் தேர்வாகப் போன ரிக் டிபியட்ரோவும் கோலி, அதே டிராஃப்ட்டில் 205-ஆவதாகப் போன ஹென்ரிக் லுண்ட்க்விஸ்டும் கோலி. இகோர் ஷெஸ்டெர்கின் 118-ஆவது, கானர் ஹெல்லபக் 130-ஆவது. பதினெட்டு வயதில் கோலியைக் கணிப்பது அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கே பிடிபடவில்லை.

பிக்கை வைத்து நடக்கும் பேரங்களில் நிபந்தனையைப் படியுங்கள். 2017-இல் மேட் டுஷேனை வாங்க ஒட்டாவா தன் முதல் சுற்றுப் பிக்கைக் கொலராடோவுக்குக் கொடுத்தது. 2018-இல் அந்தப் பிக் முதல் பத்துக்குள் விழுந்தால் அதை வைத்துக்கொண்டு 2019-இன் பிக்கைக் கொடுக்கலாம் என்று நிபந்தனை. ஒட்டாவா 2018-இல் வைத்துக்கொண்டு பிரேடி டகாச்சுக்கை நான்காவதாக எடுத்தது. அடுத்த ஆண்டு லீக்கிலேயே கடைசி. அப்போதைய குலுக்கல் விதியில் கடைசி அணி நான்காவது வரை இறங்கலாம், கொடுத்த பிக் மறுபடி நான்காவது இடம், கொலராடோ போவன் பைரமை எடுத்தது. செய்தியில் 'முதல் சுற்றுப் பிக்' என்று மட்டும் இருந்தால், எந்த ஆண்டு, என்ன பாதுகாப்பு நிபந்தனை என்று தேடாமல் பேரத்தைப் பாராட்டவோ திட்டவோ வேண்டாம்.

படி 7: எடுத்த பிறகு

தேர்வானவர் அக்டோபரிலேயே என்எச்எல் ஆடுவது முதல் சில பேருக்குத்தான். மற்றவர்கள் திரும்பப் போவார்கள். 18, 19 வயதில் ஒப்பந்தம் போட்டவர் 9 என்எச்எல் ஆட்டம் வரை ஆடினால் ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு கழியாது, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். பத்தாவது ஆட்டம் இறங்கினால் கழிந்துவிடும். ஒன்பதாவது ஆட்டத்தோடு ஒரு பையனைத் திருப்பி அனுப்பினால் அது கோபம் அல்ல, கணக்கு. 2025-26 வரையிலான விதிப்படி கனடிய ஜூனியரிலிருந்து எடுத்தவரை 20 வயதுக்கு முன் பொதுவாக என்எச்எல்லுக்கு அடுத்த கீழ்ப்படி லீக்கான ஏஎச்எல்லுக்கு அனுப்ப முடியாது, என்எச்எல் அல்லது மறுபடி ஜூனியர். 2025 ஆகஸ்ட் முதல் ஜூனியர் வீரர்கள் கல்லூரி ஹாக்கிக்கும் போகலாம் என்றானதால் பாதைகள் குழம்பியிருக்கின்றன. டபிள்யூஎச்எல்லில் 56 ஆட்டத்தில் 129 புள்ளி எடுத்த கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்குப் போனது இந்த வழியில்தான். ஆண்டுதோறும் விதியைச் சரிபாருங்கள்.

எப்போது தீர்ப்புச் சொல்லலாம்? முன்கள வீரருக்கு மூன்று, நான்கு ஆண்டு, டிஃபென்ஸ்மேனுக்கு ஐந்து, கோலிக்கு அதற்கும் மேல். ஸ்லாஃப்கோவ்ஸ்கி முதல் பருவத்தில் 39 ஆட்டம் ஆடி 10 புள்ளி, 'வீணான தேர்வு' என்றார்கள். அடுத்த பருவத்தில் 82 ஆட்டத்தில் 50. ஹட்சன் உயரம் குறைவு என்று இரண்டாம் சுற்றின் கடைசி வரை சரிந்தவர், இரண்டு ஆண்டு கல்லூரியில் ஆடி வந்து, 2024-25-இல் 66 புள்ளியோடு சிறந்த அறிமுக வீரர் விருது வாங்கினார். கிரில் காப்ரிசோவ் 2015-இல் 135-ஆவதாகத் தேர்வாகி 2021-இல்தான் மினசோட்டாவுக்கு முதல் ஆட்டம் ஆடினார். எதிர்ப்பக்கமும் உண்டு: 2012-இன் முதல் தேர்வான நெய்ல் யாகுபோவ் 350 ஆட்டத்தோடு என்எச்எல்லை விட்டுப் போனார்.

தேர்வுக்கு அடுத்த பருவத்தில் புள்ளி கூடியதா என்று மட்டும் பார்க்காதீர்கள். நீங்கள் எழுதிய மூன்றாவது வரியை எடுத்து, அந்தக் குறை குறைந்ததா என்று அதே முறையில் எண்ணுங்கள்.

எங்கே பார்ப்பது

ஆகஸ்டில் ஹிலின்கா கிரெட்ஸ்கி கோப்பை, டிசம்பர் 26 முதல் உலக ஜூனியர் போட்டி, ஏப்ரல் கடைசியில் 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி. இவற்றில் எதிரணிகளின் தரம் ஏறத்தாழச் சமம் என்பதால் லீக் வித்தியாசக் கணக்கு பாதி குறையும். ஆனால் ஏழு ஆட்டத்தில் ஜொலித்ததை வைத்து 60 ஆட்டக் குறிப்பை அழித்துவிடாதீர்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கு நேரில் பார்க்கும் வசதி உண்டு. ஸ்கார்பரோ, ஏஜாக்ஸ் பக்கத் தமிழர்களுக்கு ஓஷாவா ஜெனரல்ஸ் ஆடும் அரங்கு கிட்டத்தில், மாண்ட்ரியாலில் இருப்பவர்களுக்கு லவாலில் கனேடியன்ஸின் ஏஎச்எல் அணி. மேப்பிள் லீஃப்ஸ் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் ஜூனியர் ஆட்டத்தின் விலை சொற்பம். கண்ணாடியோரம் உட்காராதீர்கள், பாதிப் பனிதான் தெரியும். மூலையில், மேல் வரிசையில் உட்கார்ந்தால் ஐவர் நிற்கும் அமைப்பு முழுக்கத் தெரியும். வார்ம்-அப் தொடங்குமுன் போய்விடுங்கள். அந்த நேரத்தில் ஒருவரின் ஷாட்டை இருபது முறை பார்க்கலாம், ஆட்டத்தில் மூன்று முறை வந்தால் அதிகம். தொலைக்காட்சி காட்டாத இன்னொன்றும் அங்கே தெரியும்: பக் மறுமுனையில் இருக்கும்போது உங்கள் ஆள் எங்கே நிற்கிறார், விசில் ஊதியதும் பெஞ்சுக்கு எப்படித் திரும்புகிறார். பேனா மறக்க வேண்டாம், குளிரில் கைபேசித் தொடுதிரைக்குக் கையுறையைக் கழற்றிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.